பிடிஎச் 11.2-இலிருந்து 4.1: வைட்டமின் டி மட்டும் போதுமா?

14 ஏப்ரல் 2024, காலை 10.20

பாதி கேள்வி, பாதி பெருமை. எனக்குச் சிறுநீரகக் கோளாறு, மூன்றாம் நிலையில் ‘பி’ பிரிவு. வயது 57, நீரிழிவு வந்து இருபது ஆண்டுகள். சிறுநீரக வடிதிறன் 38. ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கழுத்துச் சுரப்பிகள் விடும் பாராதைராய்டு ஹார்மோன், அதாவது பிடிஎச், 11.2 என்று வந்தது. சிறுநீரகம் கெட்டால் ஏறுவது அது. தாளில் அச்சிட்டிருந்த மேல்வரம்பு 6.9. வைட்டமின் டி வெறும் 14. மருத்துவர் அதிக அளவு வைட்டமின் டி மாத்திரையை வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்குக் கொடுத்தார். அதன்பின் நாளுக்கு 1,000 யூனிட். வெள்ளிக்கிழமை அடுத்த முடிவு கைப்பேசிச் செயலியில் வந்தது. பிடிஎச் 4.1. வைட்டமின் டி 62.

மூன்றே மாதத்தில் பாதிக்கும் கீழே! அதுவும் காசு பெறாத மாத்திரையில். இவ்வளவு எளிது என்றால், பிடிஎச் ஏறி ஏறிக் கடைசியில் கழுத்தைத் திறந்து சுரப்பியை வெட்டி எடுக்கும் வரை ஏன் விடுகிறார்கள்? யாருக்காவது இதே அனுபவம் உண்டா? மருத்துவரைப் பார்க்க மே 8 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை எனக்குப் பொறுமை இல்லை.

14 ஏப்ரல், இரவு 9.05

‘சிங்கப்பூரில் வெயிலுக்கா பஞ்சம்?’ என்று அதற்குள் இருவர் கேட்டுவிட்டார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லை, எனக்கும் அதற்கும்தான் பேச்சுவார்த்தை இல்லை. துவாஸில் கிடங்கு வேலை, பதினோரு ஆண்டுகளாக இரவு நேரம். மாலை ஆறரைக்குப் போகும் பஸ், காலை ஏழேகாலுக்குத் திரும்பும் பஸ். வீட்டுக்கு வந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

காலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் வெயில் வாங்குவதையே கணக்கில் வைத்திருந்தேன். அது செல்லாது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. ‘இளவெயில் உடம்புக்கு நல்லது’ என்று அம்மா சொல்லி வளர்த்ததும் இந்த விஷயத்தில் உதவாது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர் மிகக் குறைவு, உச்சி நேரத்தில்தான் அதிகம். நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட இல்லாத ஊரில் உச்சிவெயிலில் யார் நிற்பார்கள்? போதாததற்கு நம் தோலின் கருமை. மெலனின் அந்தக் கதிரைத் தடுத்து வைக்கும். வெள்ளைக்காரருக்குப் போதுமான நேரம் நமக்குப் போதாது.

16 ஏப்ரல், பிற்பகல் 3.40

என் பெருமையால் திருச்சியில் ஒரு வீடே கலங்கிப் போன கதை.

அக்காவுக்கு மூன்று ஆண்டுகளாக வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு. ஞாயிறு இரவு அழைத்து என் 4.1-ஐச் சொன்னேன். உடனே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தன் தாளை வாசித்தாள். 340. இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிட்டது. “என்னடா தம்பி, உனக்கு நாலு, எனக்கு முந்நூற்று நாற்பது. நான் எப்படி இன்னும் நடமாடுகிறேன்?” என்றாள். அத்தான் இரவோடு இரவாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். அங்கே யாரோ “ஒன்றுமில்லை, தூங்குங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டபின் இன்னும் பயந்துவிட்டார்.

இங்கே ஒருவர் ஒற்றை வரியில் ‘எந்த அலகு?’ என்று கேட்டிருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும். என் தாளில் லிட்டருக்குப் பிகோமோல். அக்காவின் தாளில் மில்லிலிட்டருக்குப் பிகோகிராம். முதலாவதை 9.43-ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். அக்காவின் 340 என் கணக்கில் 36. என் ஜனவரி 11.2 அவள் கணக்கில் ஏறத்தாழ 106.

அதோடு விஷயம் முடியவில்லை. இருவருக்கும் அளவுகோலே வேறு. சுத்திகரிப்பில் இருப்பவர்களுக்கு இயல்பின் மேல்வரம்பைப்போல் 2 மடங்கு முதல் 9 மடங்கு வரை வைத்துக்கொள்ளலாம் என்பது கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல். மேல்வரம்பு 65 என்றால் 130 முதல் 585 வரை. அக்கா நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறாள். நோய் முற்றினால் எலும்புக்கு இந்த ஹார்மோனின் குரல் சரியாகக் கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. ஒரேயடியாக அடக்கிவிட்டால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையே நிறுத்திவிடும்.

வைட்டமின் டி-க்கும் இதே தொல்லை உண்டு. நான் எழுதிய 14, 62 எல்லாம் மில்லிலிட்டருக்கு நானோகிராம். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு நானோமோல் என்று போடும், அது இரண்டரை மடங்கு. 14 அங்கே 35 ஆகிவிடும்.

20 ஏப்ரல், காலை 11.15

‘வைட்டமின் டி-க்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்ற கேள்விக்கு. நான் மருத்துவன் அல்லன். எனக்குப் புரிந்த விதம் இது.

தோலில் உண்டாவதும் மாத்திரையில் விழுங்குவதும் நெல். கல்லீரல் அதைக் குத்தி அரிசியாக்குகிறது. சிறுநீரகம்தான் சோறாக்குகிறது. அந்தச் சோற்றின் பெயர் கால்சிட்ரியால். குடல் உணவிலிருந்து கால்சியத்தை நன்றாக உறிஞ்ச அது வேண்டும். பரிசோதனையில் அளப்பது பானையில் இருக்கும் அரிசியை, சோற்றை அல்ல. வடிதிறன் 38 உள்ளவனுக்கு அரிசி 62 இருந்து என்ன, அடுப்பு அணைந்துகொண்டிருக்கிறதே. கேம்பிரிட்ஜில் ஃப்ரேசர், கோடிசெக் இருவரும் 1970-இல் எலியின் சிறுநீரகங்களை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சோறு வேகவில்லை.

சோறு குறைந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு சுரப்பிகள் அதையே காவல் காக்கின்றன. கால்சியம் சற்றே இறங்கினாலும் பிடிஎச்சை விடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தைக் கறக்கும், மிஞ்சிய பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளச் சொல்லும். பிரிக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1972-இல் இதை ஒரு பண்டமாற்றாக விளக்கினார். நம் வழக்கில் சொன்னால், கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அரிசி வாங்குகிற குடும்பம். ரத்தத்தில் கணக்கு நேராகவே இருக்கும். அடகுக்கடையில் கிடப்பது எலும்பு.

20 ஏப்ரல், காலை 11.50

சொல்ல மறந்தது, விஷயத்துக்குத் தேவையில்லாதது. இந்தச் சுரப்பியை முதலில் கண்டது மனிதக் கழுத்தில் இல்லை. லண்டன் விலங்குத் தோட்டத்தில் செத்துப்போன இந்தியக் காண்டாமிருகத்தை ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பார்த்தபோது கிடைத்தது, 1852-இல் எழுதி வெளியிட்டார். மனிதனிடம் கண்டுபிடித்து விவரித்தவர் உப்சாலாவில் மருத்துவம் படித்த சாண்ட்ஸ்ட்ரோம், 1880-இல். நம்மூர்க் காண்டாமிருகத்துக்கு யாராவது ஒரு சிலை வைக்கலாம்.

27 ஏப்ரல், இரவு 8.30

என் சோற்றுக் கதையில் ஒரு பிழை. அடுப்பு தானாக அணைகிறது என்ற தொனியில் எழுதிவிட்டேன். நோயின் தொடக்கத்தில் நடப்பது வேறு. உடம்பில் பாஸ்பேட் சுமை கூடியதும் எலும்பே ஒரு ஹார்மோனை அனுப்பி ‘அடுப்பைக் குறை’ என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை இடுகிறது. பெயர் எஃப்ஜிஎஃப் 23. 2000-ஆம் ஆண்டில்தான் அதை அடையாளம் கண்டார்கள், அதனால் பழைய விளக்கங்களில் இருக்காது. ஆக, விறகு தீருவதற்கு முன்பே அடுப்பைத் தணித்துவிடுகிறார்கள். இங்கே இதைச் சுட்டிக்காட்டியவர் என்னைக் கொஞ்சம் அதட்டியே சொன்னார். பரவாயில்லை.

9 மே, காலை 8.10

இரவு வேலை முடிந்து வந்து, தூங்காமல் இதை எழுதுகிறேன். முதல் பதிவில் நான் அடித்த தண்டோராவை எல்லாரும் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

நேற்று மருத்துவரிடம் போனேன். வாழ்த்துவார் என்று எதிர்பார்த்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்பேட் 1.38-இலிருந்து 1.52-க்கு ஏறியிருக்கிறது. கால்சியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வடிதிறன் 37. பிடிஎச் மட்டும் எப்படிப் பாதிக்கும் கீழே விழும்? எட்டு மாத்திரைக்கு வைட்டமின் டி 62 என்பதும் அவருக்கு அதிகமாகப் பட்டது. “வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்றார். இல்லை என்றேன். “நாட்டு மருந்து?” இல்லை. “இந்தியாவிலிருந்து வந்தது?” இல்லவே இல்லை.

பக்கத்தில் நின்ற தாதி என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்கு நாலு விரற்கடை மேலே பார்த்தார். “முடிக்கு ஏதாவது, அங்கிள்?”

முடிக்கு உண்டு. பிப்ரவரியிலிருந்து தினம் ஒன்று, புட்டி 38 வெள்ளி, புட்டியில் அடர்ந்த முடியுடன் சிரிக்கும் ஓர் ஆள். முடிக்குப் போடுவதை நான் மருந்து என்றே நினைக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து படம் எடுத்து அனுப்பினேன். பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளுக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம்.

சில ஆய்வக இயந்திரங்கள் பயோட்டினையே பசையாக வைத்து ஹார்மோனை அளக்கின்றன. பிடிஎச்சைப் பிடித்த மூலக்கூறு இந்தப் பசையால் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டியது எவ்வளவு என்பதே அளவு. ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால் ஒட்டும் இடங்களை அதுவே பிடித்துக்கொள்கிறது. பிடிஎச் ஒட்ட இடமில்லை, அளவு குறைவாக வரும். வைட்டமின் டி-யை அளக்கும் முறை இதற்குத் தலைகீழ், அங்கே ஒட்டியது குறைந்தால் அளவு கூடுதலாக வரும். என் இரண்டு மகிழ்ச்சிகளும் ஒரே புட்டியிலிருந்து வந்திருக்கக்கூடும். எல்லா ஆய்வகத்திலும் இது நடக்காது, முறையைப் பொறுத்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. தைராய்டு முடிவும் இதேபோல் புரளும். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும் ஆளுக்குப் பயோட்டின் உடம்பைவிட்டுப் போகவும் கூடுதல் நாள் ஆகும்.

ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

9 மே, மாலை 5.00

‘முடி வளர்ந்ததா?’ என்று கேட்ட பதினான்கு பேருக்கும் ஒரே பதில். இல்லை.

23 மே, இரவு 10.10

வந்துவிட்டது. பிடிஎச் 10.3. வைட்டமின் டி 27. பாஸ்பேட் 1.52, அதே இடம்.

அதாவது நான்கு மாத மாத்திரைக்கு 11.2-இலிருந்து 10.3. இந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும், நாளின் நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். இந்த அளவு வித்தியாசம் வெறும் ஆட்டமாகவும் இருக்கலாம். இனிமேல் ரத்தம் கொடுப்பது எப்போதும் காலை எட்டரைக்கு, வேலை முடிந்து நேராகப் போய்.

இந்த இழையின் தலைப்பை மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. 4.1-ஐத் தேடி இன்னொரு வழுக்கைக்காரர் இங்கே வரட்டும், மே 9-ஐயும் படித்துவிட்டுப் போகட்டும்.

8 ஜூன், பிற்பகல் 2.25

எல்லாரும் வைட்டமினையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம் (நான்தான் தொங்கினேன்), பாஸ்பேட்டை யாரும் கேட்கவில்லை. மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்டார். மூன்றாம் நிலையில் பாஸ்பேட் இயல்புக்குள் இருப்பதே பிடிஎச்சும் எஃப்ஜிஎஃப் 23-உம் மாடாய் உழைத்து அதை வெளியே தள்ளுவதால்தான். 1.38 ‘இயல்பு’ என்று நான் அதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தது இரண்டாவது தவறு.

சனிக்கிழமை, மனைவியும் நானும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்தோம். மீன் உருண்டைப் பொட்டலத்தில் 451. கோழித் துண்டுகளில் 450, 451. சாசேஜில் 450, 451, 452, மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில். பாலாடைத் துண்டில் ‘பாஸ்பேட்’ என்ற சொல்லே இருந்தது. இந்த எண்கள் எல்லாம் சேர்ப்புப் பாஸ்பேட்டுகள். ஈரப்பதம் காக்க, மெதுமெதுப்புக்குப் போடுவது. உணவில் இயல்பாக இருக்கும் பாஸ்பேட்டைவிட இவை வேகமாகவும் பெரும்பகுதியாகவும் உடம்பில் ஏறும். இடைவேளையில் கிடங்கு இயந்திரத்தில் நான் வாங்கும் கறுப்புக் குளிர்பானத்தில் பாஸ்பாரிக் அமிலம். இரவுக்கு இரண்டு டின். பதினோரு ஆண்டுகள்.

இட்லிக்கு உளுந்து போடலாமா என்று பயந்துகொண்டிருந்த ஆள் நான்.

15 ஜூன், காலை 9.30

பருப்பை அடியோடு நிறுத்தச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு உணவியலாளர் சொன்னது அப்படி இல்லை. பருப்பு, தானியத்தில் உள்ள பாஸ்பேட் பெரும்பாலும் பைட்டேட் என்ற கட்டுக்குள் இருக்கிறது. அதை அவிழ்க்கும் நொதி மனிதக் குடலில் இல்லாததால் ஒரு பங்கு உறிஞ்சப்படாமலே போய்விடும். 2011-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு: சிறுநீரக நோயாளிகள் 9 பேர், ஒரு வாரம் சைவம், ஒரு வாரம் இறைச்சி, இரண்டிலும் புரதமும் பாஸ்பேட்டும் ஒரே அளவு. சைவ வாரத்தில் ரத்தப் பாஸ்பேட்டும் எஃப்ஜிஎஃப் 23-உம் குறைந்தன. 9 பேர்தான், அதைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். ஆனால் சாம்பாரைத் தண்டிக்கவும் வேண்டாம். பொட்டாசியம் ஏறியவர்களின் கணக்கு வேறு, அதை அவரவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெத்திலிதான் எனக்கு இழப்பு. முள்ளோடு மெல்லும் மீன், முள்ளிலும் பாஸ்பேட். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை அது இல்லாமல் சாப்பிட்டுப் பார்த்தேன். தட்டில் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் வேர்க்கடலை மட்டும் உட்கார்ந்திருந்தது.

கிளை பிரிகிறேன், ஆனால் அவசியம்: ஈரச்சந்தையில் நட்சத்திரப் பழம் வெட்டி ருசி பார்க்கக் கொடுத்தால் வாங்காதீர்கள். சிறுநீரகம் கெட்டவருக்கு அது நரம்பைத் தாக்கும், விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

30 ஜூலை, காலை 10.45

அக்கா ஊரிலிருந்து வந்த உறவினர் கையில் பத்துப் பொட்டலம் வைட்டமின் டி தூள் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றும் 60,000 யூனிட். ‘தினம் ஒன்று போடு, சீக்கிரம் ஏறும்.’ நல்ல வேளை, கேட்டுவிட்டு அலமாரியில் வைத்தேன். அது வாரக் கணக்கில் எடுப்பது, அதுவும் மருத்துவர் சொன்னால். தினம் விழுங்கினால் கால்சியம் ஏறும், ஏறிய கால்சியம் போய் ரத்தக்குழாய்ச் சுவரில் படியும், இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அவளுக்கு இன்னொரு குழப்பம். தன்னுடைய கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம்தானே, என்னுடைய 1,000 யூனிட் எவ்வளவு பெரியது என்று. 1,000 யூனிட் என்பது 25 மைக்ரோகிராம். நூறு மடங்கு. ஆனால் என்னுடையது நெல், அவளுடையது வெந்த சோறு, எடையை வைத்துப் பேசக் கூடாது. ஆல்ஃபாகால்சிடால் சாப்பிடுபவர்கள் கேட்டிருந்தீர்கள்: அதில் சிறுநீரகத்தின் வேலை முன்பே முடிந்துவிட்டது, கல்லீரல் ஒன்று கை வைத்தால் போதும்.

22 செப்டம்பர், பிற்பகல் 4.15

பிடிஎச் 9.1. வைட்டமின் டி 33. பாஸ்பேட் 1.36. வடிதிறன் 37. முடி மாத்திரை இல்லை, குளிர்பானம் இல்லை, காலை எட்டரை மணி.

‘அடுப்புதான் தணிந்துவிட்டதே, நேரே சோற்றையே கொடுத்தால் என்ன?’ என்று மே மாதத்திலிருந்து மூவர் கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். அந்த ஆசை எல்லாருக்கும் இருந்ததுதான். கால்சிட்ரியால் போலச் செயல்படும் பாரிகால்சிட்டாலை வைத்து பிரைமோ என்ற ஆய்வில் 227 பேரிடம் 48 வாரம், ஓபெரா என்ற ஆய்வில் 60 பேரிடம் 52 வாரம் சோதித்துப் பார்த்தார்கள், பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. பிடிஎச் இறங்கியது. எதிர்பார்த்தபடி இதயத் தசையின் தடிமன் குறையவில்லை. கால்சியம் ஏறியவர்கள் மட்டும் கூடினார்கள். அதற்குப் பிறகு 2017-இல் கேடிகோ தன் வழிகாட்டுதலைத் திருத்தியது: சுத்திகரிப்புக்குப் போகாதவர்களுக்கு இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், நான்காம் ஐந்தாம் நிலையில் பிடிஎச் மோசமாக ஏறிக்கொண்டே போனால் பார்க்கலாம். எங்கள் நிலையில் இருப்பவருக்குச் சரியான பிடிஎச் அளவு எது என்பதே தெரியவில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. தொடர்ந்து ஏறினால் பாஸ்பேட், கால்சியம், வைட்டமின் டி குறை இவற்றைத் தேடிச் சரிசெய் என்பதுதான் அறிவுரை.

‘9.1 இன்னும் வரம்புக்கு மேலேதானே?’ என்றேன். “மேலேதான். ஏறாமல் இருக்கிறதா, அதைப் பார்ப்போம்” என்றார் மருத்துவர். ஏப்ரலில் இதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

எது இறக்கியது என்று கேட்காதீர்கள். மாத்திரையா, மீன் உருண்டையா, குளிர்பானமா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினேன்.

3 நவம்பர், இரவு 7.50

தீபாவளிக்குப் பிறகு யாரும் இங்கே எட்டிப் பார்க்கவில்லை. முறுக்கு தின்ற குற்ற உணர்ச்சி போலும். நான் நான்கு தின்றேன்.

அக்காவின் புதிய முடிவு 410. வரம்புக்குள்தான், ஆனால் 340-இலிருந்து ஏறியிருக்கிறது. அவளுக்கும் பாஸ்பேட் கூடுதல். பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்காமல், எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவியபின் நினைவு வந்து விழுங்கியிருக்கிறாள். சோற்றில் இருக்கும் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடிக்க வேண்டிய மாத்திரை அது, தாமதமாகப் போனால் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. இப்போது அத்தான் அதை ஊறுகாய்போல் இலை ஓரத்தில் வைத்துப் பரிமாறுகிறாராம்.

“410 உன் ஊர்க் கணக்கில் எவ்வளவு?” என்றாள்.

“நாற்பத்து மூன்றரை.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்படியானால் எனக்கு உன் ஊர்க் கணக்கையே போடு” என்றாள்.